சென்னியப்பனின் விலைப்புள்ளி

ரெண்டு போனும் இன்னும் அடிக்கவில்லை. சிவப்பு போனின் முதுகில் வெள்ளை டேப் ஒட்டி ‘க’ என்று எழுதியிருக்கிறேன், கறுப்பு போனின் முதுகில் ‘செ’. க என்றால் கந்தவேல், மதுரைக்காரர், கந்தவேல் எலக்ட்ரிக்கல்ஸ் முதலாளி, எதைக் கேட்டாலும் எரிந்து விழுவார். செ என்றால் சென்னியப்பன், ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்து திருநெல்வேலியில் கொங்கு சவுண்ட்ஸ் என்று கடை போட்டவர், சாது. ரெண்டு பேருமே கிடையாது. அதாவது உலகத்தில் கிடையாது. லெட்டர்பேடு இருக்கிறது, ரப்பர் ஸ்டாம்பு இருக்கிறது, நேற்றிலிருந்து ஆளுக்கொரு சிம் கார்டும் இருக்கிறது, குரல் மட்டும்தான் பாக்கி, அது என் தொண்டையில் இருக்கிறது, தொண்டை காய்கிறது, தண்ணீர் குடித்தால் கந்தவேலின் கரகரப்பு போய்விடும் என்று குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் பேரூராட்சி ஒரு துடைப்பம் வாங்கினாலும் மூணு கடைக்காரர் தனித்தனியாக விலை எழுதித் தர வேண்டும், குறைச்சலாக எழுதினவருக்கு ஆர்டர். அதுதான் சட்டம். ஆனால் மூணு பேர் எழுதி அப்பா பார்த்ததே இல்லை. ஒருத்தரே மூணையும் எழுதுவார், தன்னுடையதை மட்டும் கொஞ்சம் குறைத்துப் போடுவார். கிளார்க் பொன்னையா அதை எவ்வளவு அழகாகச் சொன்னார், மூக்குப்பொடி போட்ட அந்த மூக்கால், இதோ நானே சொல்கிறேன், “மூணு பேப்பர் கொண்டாரும் அண்ணாச்சி. மூணு ஆளையா கேட்டேன்? பேப்பரைத்தான கேட்டேன்.” சரியாக வந்துவிட்டது, அந்த ‘த்தான’வில் மூக்கு அடைக்க வேண்டும், அங்கேதான் சூட்சுமம். பேப்பர் போதும் என்றுதான் எல்லோரும் இருந்தோம். புது இ.ஓ. மேடம், அதாவது செயல் அலுவலர், வந்தார். பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். “இது சரி, ஆளுங்க எங்க?” என்றாராம். இன்று மத்தியானம் ஞானதுரை, அது என் அப்பா, சாம்பிளோடு நேரில் வரட்டும், மற்ற ரெண்டு பேரிடமும் நானே போனில் பேசிக்கொள்கிறேன் என்றாராம். அப்பா சாப்பிடாமல் கிளம்பினார், ஒரு கையில் குழாய் ஸ்பீக்கர், இன்னொரு கையில் பிளேயர். வாசலில் நின்று, “ஏட்டி பியூலா, வெளையாட்டா நினைச்சிராத, ரெண்டு பேரும் வெலையைக் கொறைக்கவே மாட்டோம்னு சொல்லிரணும், கேட்டியா?” என்றார். “கேட்டேன் அண்ணாச்சி” என்றேன், பொன்னையா குரலில். அப்பா சிரிக்கவில்லை. எப்போதும் சிரிப்பார்.

கரண்ட் போய் ரொம்ப நேரமாகிறது. ஃபேன் நின்ற பிறகும் அது சுற்றுவதாக என் கழுத்துக்கு ஒரு நினைப்பு. கடை முழுக்கக் குழாய் ஸ்பீக்கர்கள், ரேக்கில் வரிசையாக, வாயைத் திறந்துகொண்டு, எல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டு, பூசணிப்பூக்கள் மாதிரி, இல்லை, பாட்டு வகுப்பில் ‘ஆ’ சொல்லச் சொன்ன பிள்ளைகள் மாதிரி. யாரும் இப்போது இவற்றைக் கேட்பதில்லை. கல்யாணத்துக்கு டி.ஜே. வருகிறான், பெட்டி பெட்டியாக, நெஞ்சு அதிர. எங்கள் சர்ச் அசன விருந்துக்கே போன வருஷம் வேறு செட். இந்த ஸ்பீக்கர்களைப் பேரூராட்சிக் குப்பை வண்டிகளில் கட்டிவிட்டால் தெருத்தெருவாகப் போகும், பேசும், ரிப்பேருக்கு இங்கேயே வரும், வருஷம் முழுக்க வேலை இருக்கும். அது கிடைக்காவிட்டால் அப்பாவுக்கு மஸ்கட். மாமா விசா அனுப்பிவிட்டார். கட்டிலுக்கு அடியில் புதுப் பெட்டி இருக்கிறது, அதன் சக்கரத்தில் இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. அம்மா பெருக்கும்போது அதைச் சுற்றிப் பெருக்குகிறாள், நகர்த்துவதில்லை. குப்பை வண்டிக்கான சாம்பிள் குரல் என்னுடையதுதான். அரசாங்க அம்மா குரல் என்று அதற்கு நான் பேர் வைத்திருக்கிறேன், பாசமும் இருக்க வேண்டும், அபராதமும் இருக்க வேண்டும். “அன்பார்ந்த பொதுமக்களே! மக்கும் குப்பையைப் பச்சைத் தொட்டியிலும் மக்காத குப்பையை நீலத் தொட்டியிலும்...” அந்த ‘அன்பார்ந்த’வில் ஒரு டீச்சர் பிரம்பைப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்பாள். அதே குரல் இப்போது இ.ஓ. மேசைமேல் அப்பாவின் பிளேயரிலும் இருக்கிறது. அப்பா போனதும் இங்கே எல்லா ஸ்பீக்கரிலும் போட்டு டெஸ்ட் பண்ணிக்கொண்டிருந்தேன், பாதியில் கரண்ட் போய்விட்டது. ‘மக்கா’ என்று நின்றது. மக்கா. தெருவில் யாரோ கூப்பிட்டது மாதிரி.

எனக்கு எல்லாருடைய குரலும் வரும். சொல்லிப் பீற்றிக்கொள்ளவில்லை, வருகிறது, தும்மல் மாதிரி. ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில் வராந்தாவில் ஒரு ‘ஹூம்’ போட்டால் மாடியே அடங்கும். டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் இருந்துகொண்டு “கேட் எறங்கு, கேட் எறங்கு” என்று கண்டக்டர் குரலில் சொல்லி ஒரு கல்யாணக் கூட்டத்தையே ரயில்வே கேட்டில் இறக்கியிருக்கிறேன், நிஜக் கண்டக்டர் தன் வாயையே தொட்டுப் பார்த்துக்கொண்டார். “கர்த்தருக்குள் பிரியமானவர்களே” என்று பாஸ்டர் மாதிரி அடுப்படி ஜன்னலில் சொன்னால் அம்மா ஈரக்கையோடு முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்வாள், பிறகு கரண்டியோடு வருவாள். அப்பா குரலில் வாசலிலிருந்து, “ஏய், தண்ணி கொண்டா” என்பேன். சொம்போடு வருவாள், அப்பா இருக்கமாட்டார், நான் இருப்பேன். “நாசமாப் போவ நீ” என்று திட்டிவிட்டுத் தண்ணீரைக் கொடுத்துவிட்டுப் போவாள். அப்பா மஸ்கட்டுக்குப் போன பிறகு வாசலில் நின்று அப்படிச் சொன்னால்? சொம்பு எடுப்பாளா? எடுத்துவிட்டால் என்ன செய்வது? இதை நினைக்கக்கூடாது. வேறு நினை. விலைப்புள்ளி. பேரூராட்சி பேப்பரில் கொட்டேஷன் என்று போடமாட்டார்கள், விலைப்புள்ளி என்றுதான் போடுவார்கள், அந்த வார்த்தை ரெண்டு நாளாக என் நாக்கில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிறது. விலை சரி, அதில் ஏன் புள்ளி? கோலத்துக்குப் புள்ளி. மானுக்குப் புள்ளி. ஊருக்குப் பெரும்புள்ளி. மூணு புள்ளி வைத்தால் அக்கன்னா, ஃ, மேலே ஒன்று, கீழே ரெண்டு. மேலே அப்பா, கீழே கந்தவேலும் சென்னியப்பனும் தாங்கிக்கொண்டு. ஒன்றாங்கிளாஸில் அந்த எழுத்தை எல்லோரும் அடுப்பு என்போம், மூணு கல், நடுவில் தீயில்லை. ஒரு கல்லை உருவினால் சட்டி கவிழும். எந்தக் கல் என்று தெரியாமல் இ.ஓ. மேடம் கையை நீட்டிக்கொண்டிருக்கிறார். அவர் குரலை நான் இன்னும் கேட்கவில்லை. அதுதான் பயம். கேட்காத குரல் எப்படியும் இருக்கலாம்.

கந்தவேலைப் பற்றி எனக்குக் கவலையில்லை, அவர் கோபம் எழுதிவைத்தது மாதிரி வரும். சென்னியப்பன்தான் வளர்ந்துகொண்டே போகிறார். அப்பா லெட்டர்பேடு அடிக்கக் கொடுக்கும்போது, “ஒரு பேரு சொல்லு பிள்ள, இந்தப் பக்கத்துப் பேரா இருக்கக்கூடாது” என்றார், சென்னியப்பன் என்றேன், அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மறுநாள் அவருக்குக் கண்ணாடி வந்தது, காதில் நூல் கட்டின கண்ணாடி. அப்புறம் வீட்டம்மா வந்தாள், பாவாத்தா என்று பேர். ரெண்டு பேரும் சாயங்காலம் மொட்டைமாடியில் உட்கார்ந்து ஒன்றுமே பேசாமல் கடலை உரிப்பார்கள். சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறாரே தவிர அவருக்குச் சத்தம் ஆகாது. அது எனக்கே இப்போது இந்த நிமிஷம்தான் தெரிகிறது. ஆமாம், ஆகாது. ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொள்வார். பஞ்சு, பஞ்சு, இது எங்கிருந்து வந்தது? எங்கள் தெருக் குப்பை வண்டிக்காரி முத்துப்பேச்சியக்கா. அவளுடைய பழைய வண்டியில் மண்டைக்கு நேர் பின்னால் குழாய், நாள் முழுக்கக் கத்தும், அவள் துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓட்டுவாள், நாம் என்ன சொன்னாலும் “ஆங்?” என்பாள். அந்த ‘ஆங்’கை வைத்து நான் பள்ளிக்கூடத்தில் எவ்வளவு கைதட்டல் வாங்கியிருக்கிறேன். சென்னியப்பன் கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளி என்னைப் பார்க்கிறார். ஏனுங் கண்ணு, அதுக்கா சிரிச்சீங்க? இல்லைங்க, சும்மாங்க. அவர் கடலை உரிக்கிறார். தோல் காற்றில் போகிறது, மொட்டைமாடி தாண்டி, ஊர் தாண்டி, மெல்ல, வெயிலில் பொன்னாக, நானும் தோலோடு தோலாக

சிவப்பு அடிக்கிறது. கந்தவேல். எழுந்து நின்று வயிற்றைத் தள்ளிக்கொண்டேன், அவருக்குத் தொப்பை உண்டு. “யாருங்க? பேரூராட்சியா? சொல்லுங்க.” அந்தப் பக்கம் ஒரு குரல், மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையையும் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிற குரல், “செயல் அலுவலர் பேசுறேன் சார். விலையைக் கொஞ்சம் பார்த்துப் போட முடியுமான்னு கேக்கலாம்னு.” “இந்த வெலைக்கே கையைக் கடிக்குது, இதுல கொறைக்கணுமாம்ல? வேணாம்ங்க, நீங்க அங்கிட்டே யாரையாச்சும் பாத்துக்கங்க!” வைத்துவிட்டேன். கச்சிதம். ரேக்கில் இருந்த வாய்களெல்லாம் கைதட்டின. ஆனால் அந்தக் குரல், அது என்ன குரல்? உரக்கவும் இல்லை, இழுப்பும் இல்லை, ஊர் வாடையும் இல்லை. பிடிக்கக் காம்பே இல்லாத மாம்பழம். நான் அதைச் சொல்லிப் பார்ப்பதற்குள் கறுப்பு அடித்துவிட்டது. உட்கார்ந்தேன். கண்ணாடி. நூல். கடலை. “சொல்லுங்கம்மிணி, சென்னியப்பனுங்.”

“சார், ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். இங்க கிளார்க்கும் ஞானதுரைன்னு இன்னொரு கடைக்காரரும் இருக்காங்க. மறைவா எதுவும் வேண்டாம்னு.” அப்பா அங்கே இருக்கிறார். அவருடைய தொண்டைச் செருமல் கேட்டது. குறைக்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான், வாயைத் திறந்தேன். ஆனால் அவர் விலையைக் கேட்கவில்லை. “வண்டி ஓட்டுற பொம்பளைங்க நேத்து வந்தாங்க. நாள் முழுக்க மண்டைக்குப் பின்னாடி கத்துது, ஒரு அக்காவுக்குக் காதே சரியாக் கேக்கலை. ஆள் இல்லாத இடத்துல அவங்களே சத்தத்தைக் குறைச்சுக்கிற மாதிரி, வண்டியிலேயே ஒரு குமிழ் வெச்சுத் தர முடியுமா? ஞானதுரை முடியாதுங்கறார். கந்தவேல்கிட்ட கேக்குறதுக்குள்ள வெச்சுட்டார்.” அப்பா முடியாது என்றுதான் சொல்வார், தெரியும், ஒயர் இழுக்க வேண்டும், பெட்டியைத் துளைக்க வேண்டும், மழைத்தண்ணீர் இறங்கும், அவர் போட்ட கணக்கில் அதற்கெல்லாம் இடமில்லை. நானும் முடியாது என்று சொல்லத்தான் போனேன். சத்தியமாக. ஆனால் சென்னியப்பன் கடலையைக் கீழே வைத்துவிட்டார். அவருக்குச் சத்தம் ஆகாதே. அவருக்கு முத்துப்பேச்சியக்காவைத் தெரியுமே. “அட, அதுக்கென்னங்கம்மிணி” என்றார் என் வாயால், “வெச்சுப்போடலாமுங்க. அந்தப் புள்ளைங்க காது என்ன தகரமுங்களா? மழைத்தண்ணி எறங்காம ரப்பர் மூடி போட்டுக் குடுத்தர்றனுங். அதுக்குத் தனியா ஒண்ணும் வேண்டாமுங்க.” பேசப் பேச எவ்வளவு நன்றாக இருந்தது, வெயிலில் காய்ந்த பாயில் படுத்தது மாதிரி. “அப்ப விலை?” என்றது குரல். “ஞானதுரையண்ணன் என்ன போட்டிருக்காருங்களோ அதுக்கே நானும்...” அங்கேதான் விழித்தேன். வார்த்தை வெளியே போய்விட்டது. “ரொம்ப நன்றி சார்” என்றார் இ.ஓ. மேடம், “அப்ப ஆர்டரை உங்களுக்கே...” எங்கள் அப்பாவின் ஆர்டரை உலகத்தில் இல்லாத ஒருத்தர் வாங்கிக்கொண்டிருக்கிறார், நான் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், அப்பா எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார், கட்டிலுக்கு அடியில் பெட்டியின் சக்கரம் தானாகச் சுற்றுகிறது. சென்னியப்பனைக் கொன்றுவிடலாமா? நெஞ்சுவலி, இப்போதே, “ஆத்தா” என்று ஒரு சத்தம்? இல்லை, பாவாத்தா பாவம். “அம்மிணி, ஒரு நிமிசமுங்” என்று ஆரம்பித்தேன், ஃபேன் சுற்றியது. சுற்றியது என்று தெரிந்து அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிவதற்குள் கடையில் இருந்த அத்தனை வாயும் ஒன்றாகத் திறந்து, “...த குப்பையை நீலத் தொட்டியிலும் போட்டு ஒத்துழைக்குமாறு! அன்பார்ந்த பொதுமக்களே!”

பாய்ந்து அணைத்தேன். காதுக்குள் ஊசி மாதிரி ஒரு ரீங்காரம் மட்டும் நின்றது. போன் கையில் சூடாக இருந்தது. “சென்னியப்பன் சார்” என்றது அந்தக் குரல், அவசரமே இல்லாமல், “இந்தம்மா இங்க என் மேசைமேலயும் இருக்காங்களே.” பொன்னையாவின் மூக்கு “ஐயோ” என்றது. “யாரும்மா பேசுறது?” என்றார் மேடம். குரல்களைத் தேடினேன். ஹெட்மிஸ்ட்ரஸ் இல்லை, கண்டக்டர் இறங்கிப் போய்விட்டார், பாஸ்டர் இல்லை, சென்னியப்பன் மொட்டைமாடி விளக்கை அணைத்துவிட்டார். வாயைத் திறந்தால் எது வருகிறதோ வரட்டும் என்று திறந்தேன், மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகக் கீழே வைத்து, “பியூலா. ஞானதுரை மக” என்று வந்தது. வந்தது இ.ஓ. மேடம் குரல். அப்படியே, காம்போடு. இந்த நேரத்திலா வர வேண்டும்? அந்தப் பக்கம் மூச்சு ஒன்று நின்று, பிறகு மெல்ல வெளியே போயிற்று. சிரிப்பா, கோபமா? அந்த மூச்சை மட்டும் என்னால் பிடிக்க முடியவில்லை. “பொன்னையா, மூணையும் ரத்து பண்ணுங்க” என்றார். போனை அணைக்காமலே அப்பாவிடம் சொன்னார், “சார், மறுபடி கேப்போம். நீங்க ஒண்ணே ஒண்ணு கொண்டாங்க, உங்களோடது. மத்த ரெண்டு பேரை நான் தேடிக்கிறேன், கையைத் தொட்டா சுடுற, உயிருள்ள ஆளுங்களா. கருப்புப் பட்டியல்னு ஒண்ணு இருக்கு, அடுத்த தடவை நான் பேச மாட்டேன், அதுதான் பேசும்.” பிறகு, “குமிழ் இல்லாம வராதீங்க.” கட்.

அப்பா வரும்வரை நான் ஒரு குரலிலும் பேசவில்லை. ஸ்பீக்கர்களின் வாய்களைத் துணியால் துடைத்தேன், ஒவ்வொன்றாக, பல் தேய்த்துவிடுகிற மாதிரி. ரத்து என்றால் ரத்து. நிஜமான ரெண்டு பேர் வருவார்கள், நிஜமான தொப்பையோடு, அவர்கள் நிஜமாகவே குறைத்துப் போடுவார்கள், அப்பாவைத் தாங்கக் கீழே கல் கிடையாது. மஸ்கட்டில் வெயில் எப்படி இருக்கும்? அங்கே போனில் பேசினால் அப்பா குரல் அப்பா குரல் மாதிரியே இருக்குமா? அடிப்பார் என்று ஒரு பக்கம் நினைத்தேன், அடித்ததே இல்லை, அதனால் எப்படி அடிப்பார் என்று கற்பனைகூட வரவில்லை. தெருவில் டி.வி.எஸ்.ஸின் சத்தம் வந்தது, நின்றது, ஸ்டாண்ட் கிறீச்சிட்டது. உள்ளே வந்தார். குழாயை ரேக்கில் வைத்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். என்னைப் பார்க்கவில்லை. ரெண்டு போனையும் எடுத்து, சிம்மைக் கழற்றி, கந்தவேலை உடைத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். சென்னியப்பனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், அப்புறம் அதையும் உடைத்தார். “அந்தாளு பேசப் பேச” என்றார் சுவரிடம், “நானே ஒரு நிமிசம், ச்சே, நல்ல மனுசன்லா, இவன் கையிலயா தோத்தோம்னு நெனச்சிட்டேன் பாத்துக்கோ. பொறவுதான் நீன்னு ஞாபகம் வருது.” சால்டரிங் அயர்னைப் பிளக்கில் சொருகினார். பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றை இழுத்துப் போட்டு, அதன் குமிழை உருவி, விரலில் உருட்டிப் பார்த்தார். ஈயம் உருகுகிற வாசனை வந்தது. குப்பை வண்டியின் கைப்பிடியை மேசைமேல் சாக்பீஸால் வரைந்தார், வளைவு சரியில்லை என்று அழித்தார், திரும்ப வரைந்தார். தலையைத் தூக்காமலே கேட்டார்.

“குமிழ எந்தப் பக்கம் வைக்கலாம்னு அந்தாளுட்ட கேளு.”

நான் கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டேன். “பீச்சாங்கைப் பக்கமுங்க அண்ணா” என்றேன், “சோத்தாங்கையில அந்தப் புள்ள ஆக்சிலேட்டரைப் புடிச்சிருக்குமில்லீங்களா.”

“ம்” என்றார் அப்பா. இடது பக்கம் ஒரு புள்ளி வைத்தார்.